மொய் நோட்டை ஊர்வாரியாக அடுக்க ஒரு மேக்ரோ

கல்யாணம் முடிந்த மறுநாள் பல வீடுகளில் நடக்கும் முதல் வேலை, மொய் நோட்டைப் பிரிப்பதுதான். மண்டபத்துக்கு யார் முதலில் வந்தார்களோ அந்த வரிசையில்தான் அதில் எழுதியிருக்கும். விழுப்புரத்துக்குக் கீழே திண்டிவனம், அடுத்து செஞ்சி, மறுபடியும் விழுப்புரம் என்று கலந்து கிடக்கும். நாலு வருஷம் கழித்துத் திண்டிவனத்திலிருந்து ஒரு பத்திரிகை வந்தால், அவர்கள் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று தேடியே அரை நாள் போய்விடும்.

இதைக் கூகுள் ஷீட்ஸில் ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வரிசை எண், ஊர், பெயர், தொகை என்று நாலு நெடுவரிசை போதும். மீதி வேலையை மேக்ரோவிடம் விடலாம். நாம் செய்வதை ஒருமுறை பதிவு செய்துகொண்டு, கேட்கும்போதெல்லாம் அதையே திரும்பச் செய்வதுதான் மேக்ரோ. ஷீட்ஸில் இந்த வசதி 2018-ல் வந்தது. பதிவு செய்யக் கம்ப்யூட்டர் வேண்டும். போன் ஆப்பில் முடியாது.

எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் மேக்ரோஸ், அதில் ரெக்கார்டு மேக்ரோ. அப்சல்யூட் ரெஃபரன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நாலு நெடுவரிசையையும் மேல் எழுத்தைப் பிடித்து முழுசாகத் தேர்வு செய்து, டேட்டா மெனுவில் சார்ட் ரேஞ்ச் போங்கள். தலைப்பு வரி இருக்கிறது என்று டிக் செய்து, முதலில் ஊர், அடுத்து பெயர் என்று சொல்லிச் சேமியுங்கள். அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஊர் நெடுவரிசையை மட்டும் தேர்வு செய்து அடுக்கினால் ஊர்கள் நகரும், பெயரும் தொகையும் அங்கேயே நிற்கும். விக்கிரவாண்டி மாமா செய்த 5001, மயிலம் சித்தப்பா கணக்கில் ஏறிவிடும். மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதில் தப்பு வந்தால் உறவில் விரிசல் விழும்.

நாற்பது வரியை மட்டும் தேர்வு செய்து பதிவு செய்தால், நாற்பத்தோராவது வரியை மேக்ரோ தொடாது. கடைசியில் 'மொத்தம்' என்று எழுதியிருந்தால் அதையும் ஓர் ஊராக எண்ணி, மரக்காணத்துக்குக் கீழே கொண்டுபோய் வைக்கும். மொத்தத்தை வேறு தாளில் போடுங்கள்.

எழுத எழுதத் தானாகவே அடுக்கும்படியும் செய்யலாம். ஆனால் ஊரை எழுதியவுடனே அந்த வரி மேலேயோ கீழேயோ ஓடிவிடும். அது தெரியாமல் தொகையை அடித்தால், அது வேறொருவர் பெயருக்கு நேரே போய் உட்காரும்.

இதற்கு மேக்ரோவே இல்லாத ஒரு வழி இருக்கிறது. போனிலும் நடக்கும். இரண்டாவது தாளில் 'சார்ட்' ஃபார்முலாவைப் போட்டு, முதல் தாளில் தலைப்புக்குக் கீழுள்ளதை எல்லாம் ஊர், பெயர் வாரியாகக் காட்டச் சொல்லுங்கள். முதல் தாள் மொய் எழுதிய வரிசையிலேயே இருக்கும். அடுக்கிய பட்டியல் தானாக இரண்டாவதில் வரும். சந்தேகம் வந்தால் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வரிசை எண் கைகொடுக்கும்.

எந்த வழியானாலும் ஊர்ப் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள். 'திண்டிவனம்', 'டிண்டிவனம்' என்று மாற்றி எழுதினால் இரண்டும் தனித்தனி இடத்துக்குப் போகும். தொகையில் எண் மட்டும் இருக்கட்டும். '501 ரூ' என்று எழுதினால் அது எழுத்தாகிவிடும். அப்புறம் தொகைவாரியாக அடுக்கும்போது 1001 முதலில், 101 அடுத்து, 501 அதற்கும் பிறகு வரும்.

எக்ஸெல் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு வார்த்தை. அதில் மேக்ரோ ஓடிய பிறகு அன்டூ வேலை செய்யாது. முதலில் ஒரு நகல் எடுத்துவையுங்கள். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய மேக்ரோ ஃபைலைத் திறந்து அனுமதி கொடுக்காதீர்கள். மேக்ரோ வழியாக வைரஸ் பரவுவதால்தான் 2022-ல் மைக்ரோசாஃப்ட், இணையத்திலிருந்து வரும் ஃபைல்களில் மேக்ரோவைத் தானாகவே தடுக்க ஆரம்பித்தது.

பழைய மொய் நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கணக்கில் சண்டை வந்தால் அதுதான் சாட்சி.