டி டிரைவ் இல்லாத வீடுகள்

நமது வீடுகளில் கணினி பழுதானால் கடையில் சொல்லும் முதல் வார்த்தை, "போமட் பண்ணணும்" என்பதுதான். நாமும் தலையாட்டிவிடுகிறோம். இரண்டு நாளில் கணினி வேகமாகத் திரும்பி வருகிறது. ராத்தாவின் நிக்காஹ் படங்களும், மூன்று தவணைக் குறிப்புகளும், தம்பியின் கிராஅத் ஒலிப்பதிவும் திரும்பி வருவதில்லை.

இதற்குக் கடைக்காரரை மட்டும் குறை சொல்வது நியாயமல்ல. விண்டோஸும் நமது கோப்புகளும் சி என்ற ஒரே பகுதிக்குள் கலந்து கிடந்தால், ஒன்றை அழிக்கும்போது மற்றதும் அழியத்தான் செய்யும். வன்தட்டைப் பிரித்து இன்னொரு பகுதியை உருவாக்கி, கோப்புகளை அங்கே வைத்திருந்தால் சியை மட்டும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவலாம்.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் படிக்கும் நாங்கள் இதைப் பரீட்சைக்கு மனனமிடுகிறோம். வீட்டில் செய்யச் சொன்னால், "நானா வரட்டும்" என்கிறோம். எனக்குக் கோபம் இதில்தான். வீட்டுப் பெண்களின் படங்கள் நிறைந்த கணினியை முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்கத் தயங்காத நாம், அதை நாமே தொடுவதற்கு ஏன் தயங்க வேண்டும்?

பணமோ புது மென்பொருளோ தேவையில்லை. விண்டோஸ் 10 அல்லது 11 இல் ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலப் பொத்தானைச் சொடுக்கினால் டிஸ்க் மேனேஜ்மென்ட் வரும். அங்கே சியை அதேபோலச் சொடுக்கி, ஷ்ரிங்க் வொல்யூம் என்பதைத் தெரிவுசெய்து, பிரிக்க வேண்டிய அளவை மெகாபைட்டில் கொடுக்க வேண்டும். 100 ஜிகாபைட்டுக்கு 102400. பிறகு கறுப்புப் பட்டையுடன் தெரியும் வெற்றிடத்தில் நியூ சிம்பிள் வொல்யூம். அவ்வளவுதான். டி எழுத்தை டிவிடி டிரைவ் எடுத்திருந்தால் இ வரும், பரவாயில்லை. இடம் இருந்தும் கேட்ட அளவு கிடைக்காவிட்டால் பயப்பட வேண்டாம். நகர்த்த முடியாத சில கோப்புகள் வழியில் இருக்கின்றன. ரிகவரி, இஎஃப்ஐ என்று பெயரிட்ட சிறிய பகுதிகளில் மட்டும் கை வைக்காதீர்கள். மின்வெட்டு வரக்கூடிய நேரத்திலும் தொடங்காதீர்கள்.

எல்லாக் கணினிக்கும் இது பொருந்தாது. 128 ஜிகாபைட் எஸ்எஸ்டி மட்டுமே உள்ள மடிக்கணினியைப் பிரித்தால், சி விரைவில் நிரம்பி விண்டோஸ் அப்டேட்டுக்கே இடமில்லாமல் போகும். அதை விட்டுவிடுவதே நல்லது.

டியை உருவாக்கிவிட்டுக் கோப்புகளை டெஸ்க்டொப்பிலேயே குவிப்பவர்களும் இருக்கிறார்கள். டெஸ்க்டொப், டொகியூமென்ட்ஸ் இரண்டும் வழமையாக சிக்குள்தான் இருக்கின்றன. நாமாக எடுத்து டியில் வைக்காவிட்டால் பிரித்தும் பயனில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சியும் டியும் ஒரே தட்டின் இரண்டு பகுதிகள். மடிக்கணினி கீழே விழுந்து தட்டு பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே டியில் இருப்பதைப் பாதுகாப்புப் பிரதி என்று நம்பிவிடாதீர்கள். முக்கியமானவற்றின் இன்னொரு பிரதி வெளி வன்தட்டிலோ பென்டிரைவிலோ அலுமாரிக்குள் இருக்கட்டும். கடைக்கு அனுப்புமுன் குடும்பப் படங்களை அதில் ஏற்றிவிட்டு, கணினியிலிருந்து நீக்கிவிடுங்கள். "சியை மட்டும் அழிக்கவும்" என்று ஒரு துண்டில் எழுதி மடிக்கணினியின் மேல் ஒட்டியும் விடுங்கள். விண்டோஸ் நிறுவும்போது எல்லாப் பகுதிகளையும் சேர்த்து நீக்கிவிடுவது சிலருக்குக் கைப்பழக்கம்.