எட்டு இட்லியும் கொஞ்சம் ஓட்ஸும்

தருவைகுளம் உப்பளத்தில் இரண்டு பேருக்குச் சம்பளமே கிடையாது. ஒருத்தர் சூரியன். இன்னொருத்தர் காற்று. (உச்சி வெயிலில் உப்பு வாருகிறவர்களுக்கு உண்டு. சொற்பம்!) 'புதுப்பிக்கத்தக்க எரிசக்தி' என்று பல்லை உடைக்கிற பேர் வைத்து மாநாடு போடுகிறார்களே, அது இந்தக் கரையில் பாட்டன் பூட்டன் காலத்துச் சமாசாரம்.

காற்றாலையிலும் முந்திதான். 1986-லேயே தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் சுற்ற ஆரம்பித்தாச்சு. அப்போது தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட் மூன்று. காற்றாலை வந்ததும் நிலக்கரி குறைந்திருக்கணுமே? ஊஹும். 1992-க்குள் யூனிட் ஐந்தாச்சு. 2015-ல் பக்கத்திலேயே 500 மெகாவாட்டில் இன்னும் இரண்டு. 630 மெகாவாட், அரசுத் துறைக் கணக்கில் மட்டுமே 2,050 ஆச்சு!

எனக்குத் தெரிந்த மாமா ஒருவரை, எடை குறைய ஓட்ஸ் சாப்பிடச் சொன்னார் டாக்டர். மாமா தவறாமல் சாப்பிடுகிறார், எட்டு இட்லிக்கு அப்புறம். 'எடை ஏன் இறங்கலை?' என்று டாக்டரிடமே சண்டை.

நாடும் அப்படித்தான். வளர்ச்சி என்றால் பசி. ஒரு பேச்சுக்கு, மின் தேவை வருஷத்துக்கு ஆறு பங்கு கூடுகிறது. காற்றும் வெயிலும் நாலு பங்கு தருகின்றன. மீதி ரெண்டு? நிலக்கரிதான். கரியமில வாயு கூடும். அதே எட்டு பங்கு தந்தால் நிலக்கரி ரெண்டு குறையும். ரகசியம் இவ்வளவுதான்.

2025-ல் நம் மின் உற்பத்தித் திறனில் பாதி, நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சம்பந்தமில்லாதது என்று ஆச்சு. சபாஷ்! ஆனால் திறன் வேறு, உற்பத்தி வேறு. ராத்திரி சூரியன் லீவு. ஆடியில் அள்ளிக் கொடுத்த காற்று அப்புறம் கையை விரிக்கும். 2024-ல் தயாரான கரண்டில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் நிலக்கரி. சேமித்து வைக்க பேட்டரி வேணும்.

2005-லிருந்து 2020-க்குள், சம்பாதிக்கிற ரூபாய் ஒவ்வொன்றுக்கும் விடுகிற வாயுவை 36 சதவீதம் குறைத்தோம். ரூபாய் அதைவிட வேகமாகப் பெருகியதால் மொத்தம் ஏறியது. கடலுக்கு ரூபாய்க் கணக்கு தெரியாது சார், மொத்தம்தான் தெரியும். 2016-ல் கடல் சூடேறி, மன்னார் வளைகுடாவில் பவளப் பாறைகள் வெளுத்துப் போச்சு. மீன்குஞ்சு வளர்கிற தொட்டில் அது. அடி விழுவது இந்தக் கரை வலையில்.

அதற்காக வளராமல் இருக்க முடியுமா? ஓர் இந்தியரின் பங்கு உலக சராசரியில் பாதிகூட இல்லை. பிரிட்டன் 1990-க்கு அப்புறம் வளர்ந்துகொண்டே, தன் மண்ணில் விடுகிற வாயுவைப் பாதியாக்கியது. (ஃபேக்டரிகளை வெளிநாட்டுக்குத் தள்ளிவிட்ட சாமர்த்தியமும் சேர்த்தி!) ஆனாலும் 2024 செப்டம்பர் 30-ல் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை இழுத்து மூடினார்களே, அதுதான் விஷயம்.

அடுத்த தடவை சோலார் திறப்பு விழா போட்டோவைப் பார்த்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஓட்ஸ் சரி சார், இட்லி எத்தனை குறைஞ்சுது?'