படவிழாவுக்குப் பாலம் கடக்க வேண்டுமா?

ஒரே நாளில் நான்கு கவியரங்குகளைக் கேட்டு வந்தவனை இலக்கிய ஆர்வலன் என்று தமிழ்ச் சமுதாயம் போற்றும். ஒரே நாளில் நான்கு திரைப்படங்களைப் பார்த்து வந்தவனையோ வேலையற்ற வீணன் என்று ஏசும். திரைப்படம் தமிழரைக் கெடுத்துவிட்டது என்று மேடைதோறும் முழங்கும் எழுத்தாளர்கள், கெடுக்காத படம் எது என்று காட்டுவதற்கு ஒரு நாளையும் ஒரு மண்டபத்தையும் ஒதுக்கியதுண்டா? ஜொகூர் மாநிலத்துத் தமிழ் அமைப்புகளை நோக்கி இக்கேள்வியை எழுப்பியே ஆக வேண்டும்.

ஜொகூர் பாருவில் வாழும் தமிழ் இளைஞன் ஒருவன் உலகப் படங்களை ஒரு நாள் முழுதும் இருந்து பார்க்க விரும்பினால், பெரும்பாலும் அவன் ஊரைவிட்டுப் புறப்பட வேண்டும். வடக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து கோலாலம்பூர் செல்லலாம். இல்லையேல் தெற்கே, ஒரு கிலோமீட்டர் சொச்சம் நீளமுள்ள கடற்பாலத்தைக் கடந்து, 1987இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலகத் திரைப்பட விழாவுக்குச் செல்லலாம். தூரம் குறைவு என்பதற்காகப் பயணம் எளிதென்று எண்ணிவிடலாகாது. கடப்பிதழும் கையுமாகக் குடிநுழைவு வரிசையில் நிற்க வேண்டும். ரிங்கிட்டில் சம்பளம் வாங்குபவன் சிங்கப்பூர் வெள்ளியில் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும்.

அவ்வாறு சென்றவன் பெறுவது என்ன? முற்பகலில் பெயர் தெரியாத நடிகர்கள் நடித்த ஈரானியப் படமொன்றைக் காண்கிறான். பாட்டு இல்லை, சண்டை இல்லை, இடைவேளைகூட இல்லை. முதல் அரைமணி நேரம் அவன் பொறுமை சோதிக்கப்படுகிறது. பிறகு எப்போதென்று அறியாமலே அந்த வீட்டுக்குள் சென்று அமர்ந்துவிடுகிறான். படம் முடிந்ததும் இயக்குநரே மேடையேறி நிற்கிறார். முன்வரிசையில் இருக்கும் மாணவி ஒருத்தி, இறுதிக் காட்சி விளங்கவில்லை என்று துணிந்து கேட்கிறாள். பிற்பகலில் இன்னொரு நாட்டுப் படம். நடைவழியில் நின்றபடி ரொட்டியைத் தின்றுகொண்டே முன்பின் அறியாதவரோடு வாதிடுகிறான். மாலையில் மூன்றாம் படத்தைப் பார்க்கும்போது கண் சோர்ந்திருக்கிறது. ஆயினும் காலையில் கண்ட ஒரு மௌனத்தையும் மாலையில் கண்ட ஒரு மௌனத்தையும் மனம் தானாகவே ஒப்பிடத் தொடங்குகிறது. வாரம் ஒரு படம் பார்ப்பவனுக்கு இவ்வொப்புநோக்கு எளிதில் வாய்ப்பதில்லை. கதையை மட்டுமே பார்த்து வந்த கண், கதை சொல்லப்படும் முறையையும் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. ஒரு நாள் விழாவின் பயன் இதுவே.

இது வெறும் கற்பனை அன்று. இந்தியாவின் முதல் அனைத்துலகத் திரைப்பட விழா 1952 சனவரியில் பம்பாயில் தொடங்கிச் சென்னைக்கும் வந்தது. அங்கே இத்தாலியப் படங்களைக் கண்ட பிமல் ராய் மறு ஆண்டிலேயே நிலமிழந்த உழவனைப் பற்றிய 'தோ பீகா ஜமீன்' என்னும் படத்தை எடுத்தார். தமிழுக்கும் இத்தகைய சான்று உண்டு. அகிரா குரோசாவாவின் 'ரஷோமோன்' படத்தைத் திரைப்பட விழா ஒன்றில் பார்த்த எஸ். பாலசந்தரின் உள்ளத்தில் கருக்கொண்டதே 1954இல் ஏவிஎம் வெளியிட்ட 'அந்த நாள்'. ஒரு கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கூறும் அப்படத்தில் பாடல் ஒன்றுகூட இல்லை. பாடலில்லாத தமிழ்ப்படத்தை எவரும் எண்ணிப் பாராத காலம் அது. பாடலை எதிர்பார்த்து வந்த கூட்டம் ஏமாற்றத்தோடு திரும்பியது உண்மைதான். எனினும் அன்று வசூலை அள்ளிய எத்தனையோ படங்களின் பெயர்கள் மறைந்துபோக, 'அந்த நாள்' இன்றும் பேசப்படுகிறது. ஒரு விழாவில் ஒருவர் பார்த்த ஒரு படத்தின் விளைவு இது.

மலேசியத் தமிழரின் நிலைக்கு வருவோம். இரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்த குடும்பமொன்றின் கதையை, பல்கலைக்கழகம் செல்லத் துடிக்கும் ஒரு பெண்ணை வைத்துத் தீபக் குமரன் மேனன் 'செம்மண் சாலை'யாக எடுத்தார். 2005இல் அப்படம் ஹாலந்தின் ரோட்டர்டாம் விழாவில் திரையேறியது. குளுவாங்கிலும் லாபிசிலும் ரெங்கத்திலும் அதே செம்மண்ணில் நடந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் அதைப் பார்த்திருக்கின்றனர்? தோட்டம் துண்டாடப்பட்டபின் புறம்போக்குக் குடியிருப்புக்குத் தள்ளப்பட்ட குடும்பத்துச் சிறுவனின் கதையைச் சஞ்சய் குமார் பெருமாள் 'ஜகாட்' என்று எடுத்து 2015 திசம்பரில் வெளியிட்டார். மறு ஆண்டு, மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படத்துக்கான போட்டி மொழியின் பெயரால் பிரிக்கப்பட்டபோது எல்லா இனக் கலைஞர்களிடமிருந்தும் கண்டனம் எழுந்தது, விதி மாற்றப்பட்டது, 'ஜகாட்' சிறந்த மலேசியப் படம் என்னும் பரிசைப் பெற்றது. பிறர் அளித்த இந்தச் சிறப்பைக் கண்டு பெருமைப்பட்ட தமிழ் அமைப்புகள், அப்படத்தை ஊர்தோறும் கொண்டுசென்று காட்டக் கடமைப்படவில்லையா?

அதே 2016இல், மலேசியத் தமிழரின் வாழ்வைச் சொல்வதாக அறிவித்துக்கொண்டு 'கபாலி' வந்தது. அரங்குகள் நிரம்பி வழிந்தன. அதில் குற்றமில்லை; இரஞ்சித் தோட்டத் தொழிலாளரின் வரலாற்றைத் தொட்டுக் காட்டவும் செய்தார். ஆனால் மலேசியாவில் காட்டப்பட்ட வடிவத்தில் நாயகன் காவல் துறையிடம் சரணடைந்துவிட்டான் என்று இறுதியில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. தன் கதையைச் சென்னையிலிருந்து வரும் நடிகர் சொல்லிக் கேட்கும் சமுதாயம், அந்தக் கதையின் முடிவும் வேறு எவராலோ எழுதப்படுவதைக் கண்டு வியப்படைய உரிமையில்லை.

"நல்ல படம் காட்டினால் யார் வருவார்?" என்பர் சிலர். இது பாமரனைப் பற்றிய அறியாமை. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தின்போது அரசின் நடமாடும் படவண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்றன. அரசின் நோக்கம் பரப்புரைதான். எனினும் திடலில் கட்டிய வெள்ளைத் துணியின் முன் பாய் விரித்து அமர்ந்தவர்கள், விடியுமுன் பிரட்டுக்கு ஓட வேண்டிய பால்வெட்டுத் தொழிலாளர்கள். செய்திப்படத்தையும் அவர்கள் பார்த்தனர்; ஆவணப்படத்தையும் பார்த்தனர். லயத்து மக்களிடம் இருந்த அந்தப் பொறுமை, அவர்தம் பட்டதாரிப் பேரப்பிள்ளைகளிடம் இராது என்று முடிவு கட்டியவர் யார்?

திரைப்படம் எழுத்தாளர் சங்கத்தின் வேலை அன்று என்று கூறுவோரும் உளர். சிங்கப்பூரில் எரிக் கூ தமிழ் பேசும் தந்தையையும் மகனையும் வைத்து எடுத்த 'மை மேஜிக்' 2008இல் கான் விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது. அப்படத்தின் இயக்குநர் தமிழர் அல்லர். ஆயினும் அவர் தமிழரின் வாழ்வில் கதை கண்டார். சிறுகதைப் போட்டிக்கு வரும் நூறு கதைகளில் ஐந்தேனும் திரைக்கதையாகும் தகுதி உடையன; அதை எழுதியவர்களுக்கே அது தெரியாமல் இருப்பதற்குக் காரணம் அவர்கள் பார்த்த படங்களின் வறுமை.

இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன; மண்டபமுள்ள ஒன்றைக் கேட்டுப் பெறலாம். ஞாயிறு வேலைநாள் என்று பல்லாண்டுகளாகக் கூறப்பட்ட சாக்கும் 2025 சனவரி முதல் செல்லாது. மாநிலத்தின் வார விடுமுறை மீண்டும் சனி ஞாயிறுக்கு வந்துவிட்டது. 2002ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி வாரியத்தின் அனுமதி பெற வேண்டும். படத்தின் உரிமையாளரிடமும் இசைவு பெற வேண்டும். இரண்டும் கடிதம் எழுதி, காத்திருந்து, மீண்டும் நினைவூட்டி முடிக்க வேண்டிய வேலைகள். ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு எழுதும் கடிதங்களைவிட அவை கடினமானவை அல்ல.

காலையில் 'செம்மண் சாலை', நண்பகலில் 'ஜகாட்', மாலையில் 'அந்த நாள்'. ஒவ்வொன்றுக்கும் முன் பத்து நிமிட அறிமுகம், பின் ஒரு மணி நேர உரையாடல். தலைமையுரை, முன்னிலையுரை, பொன்னாடை, மாலை ஆகியவற்றை அன்று ஒரு நாள் நிறுத்தி வைக்கலாம். அந்த நேரத்தில் உள்ளூர் இளைஞர் எடுத்த குறும்படங்கள் இரண்டைக் காட்டிவிட முடியும்.