வில் பிடித்த கையும் உழைக்கும் கையே!



திரைப்பட இசைக்குழுவில் வயலின் வாசிப்பவர் தொழிலாளியா என்று சிலர் கேட்கிறார்கள். 1981ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமே ஆம் என்றது. சென்னையில் அவர்களுக்குச் சங்கம் கட்டியவர் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன்.

அச்சட்டம் உட்பட 29 சட்டங்களைச் சுருட்டி நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் அமலாக்கிவிட்டது மத்திய அரசு. கலைஞருக்கு எழுத்து மூல ஒப்பந்தம் வேண்டும் என்ற விதி அதிலும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒப்பந்தத்தை முதலாளி மீறினால்? வேலைநிறுத்தத்துக்கு முன்னறிவிப்புத் தந்து 14 நாள் காத்திருக்க வேண்டுமாம்! மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

முன்பு இந்த விலங்கு இரயில்வே போன்ற பொதுப் பயன்பாட்டுத் துறைகளுக்கு மட்டுமே. அதன் எடை எங்களுக்குத் தெரியும். இன்று எல்லாக் கைகளிலும் மாட்டிவிட்டார்கள். ஒலிப்பதிவோ ஒரே நாளில் முடிந்துவிடும். பேசிய கூலியை அன்று குறைத்தால், பதினான்கு நாள் கழித்து எந்த வேலையை நிறுத்துவது?

சீத்தா கேம்ப்பிலிருந்து ஒப்பந்தக்காரரிடம் நாள்கூலிக்குப் போகும் நம் மக்களுக்கும் இதே கதிதான். 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களுக்குச் சட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை.

14 நாள் விதியை நீக்கு! இசைக்கலைஞரோடு சேர்ந்து இக்குரலை எழுப்புவோம்!