கப்பலில் வந்த தத்துவம்

தத்துவம் கடல் தாண்டி வந்தால்தான் தத்துவம் என்று நம்மில் படித்தவர்கள் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கோவை ஆர். எஸ். புரத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவர் அந்தக் கட்சி. போன மாதம் என்னை உட்காரவைத்து பீட்டில்ஸ் இசைத்தட்டு ஒன்றைக் கேட்கச் செய்தார். தட்டு ஓய்ந்ததும், "ஏனுங்கண்ணா, இதுல இருக்கற தத்துவம் நம்ம சினிமாப் பாட்டுல எங்கீங்க இருக்குது?" என்றார்.

பீட்டில்ஸிடம் தத்துவம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. 1966-ல் வந்த 'ரிவால்வர்' தட்டின் கடைசிப் பாட்டு, திபெத்தியரின் மரண நூலைத் தழுவி அமெரிக்காவில் எழுதப்பட்ட ஒரு புத்தகத்திலிருந்து பிறந்தது. 1968-ல் ஜார்ஜ் ஹாரிஸன் பாடிய 'தி இன்னர் லைட்' சீனத்து தாவோ நூலின் 47-ஆம் அத்தியாயத்தை ஒட்டியது; அதற்கு வாத்தியம் வாசித்தவர்கள் பம்பாயில் நம்மவர்கள்.

நான் சண்டைக்கு நிற்பது, நம்மிடம் இல்லை என்கிறாரே, அதற்குத்தான். உடுமலை நாராயணகவி 1899-ல் பூளவாடியில் பிறந்தவர். நண்பரின் சொந்த ஜில்லாக்காரர். 1952-ல் வந்த 'பராசக்தி'யில் காக்கையைப் பற்றி அவர் எழுதிய பாட்டு நண்பருக்கு மனப்பாடம். ஆனால் அதை வேடிக்கைப் பாட்டு என்று வைத்திருக்கிறார். காக்கை கிடைத்ததைக் கூவிப் பகிர்ந்து உண்கிறது, மனிதன் ஏன் பகிர்வதில்லை என்ற கேள்வி அவருக்குத் தத்துவமாகப் படவில்லை. புரிகிற மொழியில் இருப்பதுதான் அதன் குற்றம் போலிருக்கிறது.

"சினிமாப் பாட்டு காசுக்கு எழுதினதுங்க" என்றார். பீட்டில்ஸ் தட்டுகளை யாரும் சும்மா கொடுக்கவில்லை. "அவங்க சொந்த மனசைப் பாடினாங்க, இது கதாபாத்திரம் பாடறது" என்றார். இதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் கம்பனும் வாலியின் வாயால்தான் ராமனைக் கேள்வி கேட்டான்.

இன்னொன்றும் சொன்னேன். நம் கொங்கு நாட்டில் உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடும் அண்ணன்மார் கதையில், பொன்னருக்கும் சங்கருக்கும் பதினாறு வயதுதான் ஆயுள் என்று பிறக்கும்போதே விதித்தாகிவிட்டது. மாண்டவர்களைத் தங்கை எழுப்புகிறாள். எழுந்தவர்கள், தங்கள் காலம் முடிந்துவிட்டது என்று மறுபடியும் போய்விடுகிறார்கள். மரணத்தைப் பற்றி இதைவிட என்ன கேட்க வேண்டும்? காங்கேயம் பக்கத்தில் 1960-களில் இதை உட்கார்ந்து கேட்டு ஒலிப்பதிவு செய்தவர் பிரெண்டா பெக் என்ற வெளிநாட்டுப் பெண்மணி. 1982-ல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். நண்பரின் குலக்கோயில் நோம்பியில் அதே கதை பாடுகிறபோது அவர் காருக்குள் உட்கார்ந்திருப்பார்.

அவரை மட்டும் சொல்வானேன்? நானும் வாலிபத்தில் ருஷ்ய நாவல்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். எங்கள் ஊர் உடுக்கைப் பாட்டுக்காரரைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. எழுத நினைத்தபோது அவர் போய்ச் சேர்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்ததில் பாதி அவரோடு போயிற்று.

1966-ல் உலகமே கொண்டாடிய ஹாரிஸன், சித்தார் கற்க ரவிசங்கர் முன்னால் மாணவனாகத் தரையில் உட்கார்ந்தான். அவன் தட்டைக் கேட்கிற நண்பர் அவனிடம் அந்த உட்காருதலையும் கற்றுக்கொள்ளலாம். வருகிற நோம்பிக்குக் காரை விட்டு இறங்குவதாகச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் ஜமுக்காளம் விரித்து வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.