இஸ்ரேல் கோர்ட்டுச் சண்டையும் சிநேகிதன் கடமையும்

இரண்டு தேசங்கள் சிநேகமாயிருந்தால், ஒன்றின் வீட்டுச் சண்டையில் மற்றொன்று வாய் திறக்கலாமா? 2023-ம் வருஷம் இஸ்ரேலில் கோர்ட்டு அதிகாரத்தைப் பற்றிப் பெருஞ் சண்டை மூண்டபோது அமெரிக்காவுக்கு முன் வந்து நின்ற கேள்வி இதுதான். பணத்தைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டியதே சிநேகிதன் கடமை என்பது சிலர் வாதம். அது சிநேகத்துக்கு இலக்கணமல்ல, ஏமாளித்தனத்துக்கே இலக்கணம் என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் சண்டை இன்னதென்று பார்ப்போம். இஸ்ரேலில் ஒரே புஸ்தகமாக எழுதி வைத்த அரசியல் சட்டம் கிடையாது. மேல்சபையும் கிடையாது. 120 பேர் கொண்ட ஒரே சட்டசபை; அதில் மெஜாரிட்டி உள்ளவர்களே மந்திரிகள். ஆகவே அவர்களைப் பார்த்து “நில்” என்று சொல்ல அங்கு மிஞ்சியிருப்பது 15 நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு ஒன்றுதான். 2023 ஜனவரி 4-ந் தேதி சட்ட மந்திரி யாரிவ் லெவின் ஒரு திட்டத்தை வெளியிட்டார். நீதிபதிகளைப் பொறுக்கும் கமிட்டியில் சர்க்கார் கட்சிக்கே மெஜாரிட்டி வேண்டும். கோர்ட்டு ஒரு சட்டத்தைச் செல்லாதென்றால் 61 பேர் கை தூக்கி அதைச் செல்லுபடியாக்கிவிடலாம் என்பவை அதில் முக்கியமானவை. பிரதம மந்திரி நெத்தன்யாகுவின் மேல் லஞ்ச வழக்கு அப்பொழுது கோர்ட்டில் நடந்துகொண்டிருந்ததையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நிற்க, மதக் கட்சிக்காரர்களுக்கு இதில் என்ன அவ்வளவு ஆவல்? அங்கு யூத வாலிபர்கள் பட்டாளத்தில் சேர வேண்டுமென்பது சட்டம். வேத பாடசாலையில் உட்கார்ந்து படிக்கிறவனுக்கு மாத்திரம் 1948 முதல் விலக்கு! சில நூறு பேருக்கென்று ஆரம்பித்தது பதினாயிரக்கணக்காக வளர்ந்தது. பாடுபடுகிறவன் பிள்ளை குண்டுக்கு நெஞ்சைக் காட்ட வேண்டும். வேதம் ஓதுகிறவன் பிள்ளை நிழலில் உட்கார வேண்டும். இந்த ஏற்பாடு செல்லாதென்று கோர்ட்டு 1998, 2012, 2017 வருஷங்களில் தீர்ப்புச் சொல்லிற்று. மதக் கட்சிகளுக்குக் கோர்ட்டு கசந்ததற்கு இது பெருங் காரணம். புரோகிதன் சட்டம் செய்ய வருகிற இடத்திலெல்லாம் அவனுக்கு முதல் விரோதி “ஏன்?” என்று கேட்கிறவனேயாகும்.

சர்க்கார் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. ஜனங்களிடம் ஓட்டு வாங்காத சில நீதிபதிகள், ஓட்டு வாங்கிய சபையின் சட்டத்தை அழிக்கலாமா என்பது அது. இது தள்ளிவிடக்கூடிய வாதமல்ல. நீதிபதியைத் தெய்வமென்று நாமும் சொல்லவில்லை. 1967 முதல் மேற்குக் கரையில் பாலஸ்தீனியர்கள் ராணுவக் கோர்ட்டுகளின் கீழ் வாழுவதை இந்தக் கோர்ட்டும் ஒழிக்கவில்லை. ஆனால் கதவில் கறையான் பிடித்தால் கதவைச் செப்பனிட வேண்டுமேயல்லாமல், கதவைப் பெயர்த்துத் திருடன் கையிலேயே கொடுத்துவிடுவதா?

அந்த ஜனங்களே இதைக் கேட்டார்கள். சனிக்கிழமைதோறும் ஏராளமாகத் தெருவில் திரண்டார்கள். திட்டத்தை நிறுத்தச் சொன்ன ராணுவ மந்திரி காலண்டை நீக்குவதாக மார்ச் 26-ல் நெத்தன்யாகு அறிவித்தார். மறுநாள் தேசமெங்கும் வேலைநிறுத்தம். திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. மார்ச் 28-ல் அமெரிக்க ஜனாதிபதி பைடன், இந்தப் பாதையில் தொடர்ந்து போக முடியாதென்று சொன்னார். எங்கள் தீர்மானம் எங்கள் ஜனங்களுடையது, வெளியார் நெருக்கடிக்கு இடமில்லை என்று நெத்தன்யாகு பதில் சொன்னார்.

நாம் கேட்கிறோம்: தெருவில் நின்றவர்கள் ஜனங்களல்லவா? 2016-ம் வருஷ ஒப்பந்தப்படி பத்து வருஷத்துக்கு 3,800 கோடி டாலர் ராணுவ உதவி வாங்கும்போது சிநேகிதன், புத்தி சொல்லும்போது மாத்திரம் வெளியாரா?

அமெரிக்கா இஸ்ரேலுக்குச் சட்டம் எழுதித் தர வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. தன் வீட்டிலும் நீதிபதி நியமனத்தில் கட்சிச் சண்டை போடுகிற அதற்கு அந்த யோக்கியதையும் இல்லை. மனதில் பட்டதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முடிவை அந்த ஜனங்களிடம் விட வேண்டும் என்பதே நமது வாதம்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். மந்திரிகளின் உத்தரவை நியாயமற்றதென்று கோர்ட்டு தள்ளக்கூடாதென 2023 ஜூலை 24-ல், எதிர்க்கட்சிகள் பகிஷ்கரித்த சபையில், 64 ஓட்டில் ஒரு சட்டம் நிறைவேறிற்று. அக்டோபர் 7-ந் தேதி ஹமாஸ் தாக்குதலும் அதன்பின் யுத்தமும் வந்தன. யுத்தத்தின் நடுவிலேயே 2024 ஜனவரி 1-ல் 8-க்கு 7 என்ற கணக்கில் கோர்ட்டு அச்சட்டத்தை ரத்து செய்தது. ஜூன் 25-ல் வேத பாடசாலை மாணவர்களையும் பட்டாளத்துக்கு அழைக்க வேண்டுமென்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. 2025 மார்ச்சிலோ நீதிபதி நியமனக் கமிட்டியை மாற்றி, அடுத்த சபை முதல் அமுலாகும்படி வேறொரு சட்டம் வந்தது. சண்டை ஓயவில்லை.

ஆகவே தோழர்களே, மந்திரி சபைகள் வரும், போகும், ஜனங்களே நிலைத்திருப்பார்கள். ஒரு தேசத்துக்குச் சிநேகிதன் என்பவன் அதன் ஜனங்களுக்குச் சிநேகிதன். நாற்காலியில் இருப்பவருக்கு அடிமையல்ல. குழியில் விழப்போகிறவனைப் பார்த்து மரியாதைக்காக மௌனமாயிருப்பவன் சிநேகிதனா, சத்துருவா? வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.