18 நிமிடமும் ஒரு கிரயப் பத்திரமும்

மாவில் தண்ணீர் பட்ட நொடியிலிருந்து கணக்கு ஓடத் தொடங்கிவிடும். 18 நிமிடத்துக்குள் பிசைந்து, தேய்த்து, முள்ளால் குத்தித் துளையிட்டு, சுட்டு எடுத்துவிட வேண்டும். தாண்டினால் புளிப்பு ஏறிவிட்டது என்று தள்ளிவிடுவார்கள். புரூக்ளினில் யூதர்களின் பஸ்கா பண்டிகைக்கான மட்சா என்ற புளிப்பில்லா அப்பத்தைக் கையால் செய்யும் கூடங்களில், ஒவ்வொரு சுற்றுக்கும் மேசைமேல் விரித்த தாளை மாற்றி, உருட்டுக்கட்டைகளைச் சுத்தம் செய்த பிறகே அடுத்த மாவைத் தொடுகிறார்கள்.

எகிப்தில் அடிமைகளாக இருந்த முன்னோர் மாவு புளிக்கும்வரை காத்திராமல் கிளம்பினார்கள் என்பது யூத மரபு. அதன் நினைவாக இஸ்ரேலில் 7 நாளும் பிற நாடுகளில் பெரும்பாலும் 8 நாளும் யூதர்கள் புளித்த தானியப் பண்டம் எதையும் தொடுவதில்லை. தின்னாமல் இருந்தால் மட்டும் போதாது. ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ், பீர் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. தனக்குச் சொந்தமாகவும் இருக்கக் கூடாது. சோபா இடுக்கு, கோட்டுப் பை, காரின் இருக்கை அடி என்று வாரக்கணக்கில் துப்புரவு நடக்கிறது. பஸ்காவுக்கென்றே தனிப் பாத்திரங்கள் பரணிலிருந்து இறங்குகின்றன. விடுதலைப் பண்டிகைக்காக வீட்டுப் பெண்கள் படும் பாட்டைப் பற்றி யூதர்களிடையே கிண்டல்கள் ஏராளம். அதில் பாதி கிண்டலே இல்லை என்று நினைக்கிறேன்.

பண்டிகைக்கு முந்தின இரவு மெழுகுவத்தி, இறகு, மரக்கரண்டியோடு கடைசித் தேடல். அதற்குள் வீடுதான் பளபளவென்று ஆகிவிட்டதே! ஒன்றுமே கிடைக்காவிட்டால் சொன்ன மந்திரம் வீணாகிவிடும் என்று, 10 ரொட்டித் துண்டுகளைத் தாங்களே ஒளித்து வைத்துவிட்டுத் தேடுகிறார்கள். மறுநாள் காலை எல்லாம் நெருப்புக்குப் போகும்.

சரி, அலமாரியில் இருக்கும் விலையுயர்ந்த விஸ்கியை எரிக்க மனம் வருமா? கடைக்காரர் கிடங்கு நிறைய வைத்திருக்கும் மாவை என்ன செய்வது? கறாரான சட்டத்தை எழுதியவர்களே அதற்கு ஒரு கதவும் வைத்திருக்கிறார்கள்; எனக்கு இந்தப் பண்டிகையில் பிடித்த இடமும் அதுதான். யூதரல்லாத ஒருவருக்கு எல்லாவற்றையும் விற்றுவிடலாம். ஊராருக்காக யூத மதகுருவான ரபி கிரயப் பத்திரம் எழுதுவார், முன்பணம் கைமாறும், அலமாரியை ஒட்டி மூடிவிடுவார்கள். பண்டிகை முடிந்ததும் சரக்கு பழைய கைக்கே திரும்பும். இஸ்ரேல் அரசும் தன் இருப்புகளை இப்படித்தான் விற்கிறது. 1997 முதல் பல ஆண்டுகள் அதை வாங்கியவர், ஜெருசலேமுக்கு அருகே அபு கோஷ் ஊரைச் சேர்ந்த ஓர் அரபு முஸ்லிம். ஓட்டலில் வேலை பார்த்தவர். நாடகம் என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் பத்திரம் செல்லுபடியாக வேண்டும் என்பதில் ரபிகள் பிடிவாதமாக இருக்கிறார்கள். வாங்கியவர் மீதிப் பணத்தையும் கட்டி, "சரக்கு என்னுடையது" என்று நின்றால் கொடுத்தே தீர வேண்டும்.

அரிசி விவகாரம் இன்னும் சுவையானது. ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் ஏறத்தாழ 13ஆம் நூற்றாண்டிலிருந்து பஸ்காவில் அரிசி, பருப்பு, கொண்டைக்கடலையைக்கூட ஒதுக்கி வந்தார்கள். கோதுமை மணி கலந்திருக்குமோ என்ற அச்சம் ஒரு காரணம். ஈராக், ஈரான் யூதர்களோ அரிசியை மூன்று முறை பொறுக்கிவிட்டுச் சமைக்கிறார்கள். கொச்சி யூதப் பெண்களுக்கு ஒரு காலத்தில் மிளகாயையும் அரிசியையும் சுத்தம் செய்து தனியே வைக்கும் வேலை மாதங்களுக்கு முன்பே தொடங்கியது. இரண்டு வழக்கத்துக்கும் இடையே கல்யாணம் நடந்தால், மரபுப்படி மனைவி கணவன் வீட்டு வழக்கத்துக்கு மாற வேண்டும். மாமியார் வீட்டில் அரிசி உண்டா என்று பெண் முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது! அமெரிக்காவின் கன்சர்வேடிவ் பிரிவு ரபிகள் 2015இல் அஷ்கெனாசிகளும் அரிசி சாப்பிடலாம் என்று அனுமதித்தார்கள். அவர்களைவிடக் கறாரான ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் அசையவில்லை.

காப்பிக்கொட்டையும் இதே சந்தேகத்தில் மாட்டியது. அது பருப்பு வகையல்ல, பழத்தின் விதை என்று ரபியிடம் தீர்ப்பு வாங்கிய மேக்ஸ்வெல் ஹவுஸ் நிறுவனம், 1932இல் பஸ்கா இரவில் படிக்கும் ஹகதா நூலை அச்சிட்டுக் காப்பி டப்பாவோடு இலவசமாகத் தந்தது. விளம்பரம்தான். ஆனாலும் அமெரிக்க யூத வீடுகளில் காப்பிக் கறை படிந்த அந்தப் பிரதிகள் தலைமுறை தாண்டி நிற்கின்றன.

ஹகதா நூலை வைத்துக்கொண்டுதான் முதல் இரவின் செதேர் விருந்து நடக்கிறது. நான்கு கோப்பை வைன், கண்ணீருக்கு உப்புநீர், அடிமைத்தனத்தின் கசப்புக்கு முள்ளங்கி போலக் காரமான ஒரு கிழங்கு. எகிப்தியர் பட்ட பத்து வாதைகளைச் சொல்லும்போது, ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி வைனைக் கோப்பையிலிருந்து குறைத்துக்கொள்கிறார்கள். கதையைப் பெரியவர்கள் தாமாகத் தொடங்கக் கூடாது. வீட்டின் கடைக்குட்டி, இந்த இரவு மட்டும் ஏன் இப்படி என்று கேட்க வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்கலாம். தனியாக இருப்பவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறது யூதச் சட்ட நூலான தால்முத்.

சாப்பிடுவதற்கு வெகுமுன்பே குடும்பத் தலைவர் ஒரு மட்சாவை உடைத்து, பாதியைத் துணியில் சுற்றி வைத்திருப்பார். கடைசியாக அதைச் சாப்பிட்டால்தான் விருந்து நிறைவுபெறும், அதுவும் நள்ளிரவுக்குள். பல வீடுகளில் பிள்ளைகள் அதற்குள் அதைத் திருடி ஒளித்துவிடுவார்கள். பரிசு என்ன என்று பேசி முடிக்காமல் தர மாட்டார்கள். அப்பா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேரம் பேசுகிறார். சைக்கிள்தான் வேண்டும் என்கிறான் மகன்.